சுரங்க வேலை நிலவுரிமைக்கு மாற்றாகுமா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் இயங்கிவந்த ஆர்கைல் வைரச் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது. பூர்வகுடி மக்களுக்கு வேலையும் பயிற்சியும் அளித்ததில் முன்மாதிரி எனச் சுரங்கத் துறை பெருமை பேசிய இடம் அது. அந்தப் பெருமைக்குப் பின்னுள்ள வரலாற்றை நாம் கவனிக்க வேண்டியுள்ளது.

பூர்வகுடிப் பெண்கள் புனிதமாகப் போற்றிய இடம், அவர்களின் எதிர்ப்பை மீறியே தோண்டப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தொலைவிலுள்ள பெர்த் நகரிலிருந்து விமானத்தில் வந்து சென்றனர். மண்ணுக்குரியோர் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

மாற்றம் நிறுவனத்தின் கருணையால் வரவில்லை. 1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பும் 1993இல் பூர்வீக நிலவுரிமைச் சட்டமும் வந்த பின்னரே, பூர்வகுடிகளுடன் பேசியாக வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. ஆர்கைல் நிறுவனம் உள்ளூரிலேயே ஆளெடுத்துப் பயிற்சியளிக்கத் தொடங்கியதும், சில ஆண்டுகளில் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பூர்வகுடியினராக இருந்தனர். "தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்ற வாதம் அங்கேயே பொய்த்துப்போனது. தனியார் துறை இடஒதுக்கீட்டை மறுப்போர் இங்கு நாள்தோறும் சொல்லும் வாதமும் இதுவே.

எனினும் எண்ணிக்கை மட்டும் நீதியாகிவிடாது. பயிற்சி பெற்றோரில் பலர் லாரி ஓட்டுதல், இயந்திரம் இயக்குதல் போன்ற பணிகளோடு நின்றுவிடுகின்றனர். பொறியாளர், மேலாளர் பதவிகளை எட்டுவோர் குறைவு. ஓட்டுநர் உரிமமும் குற்றப் பின்னணிச் சோதனையும் பலரை நுழைவிலேயே வடிகட்டிவிடுகின்றன. சுரங்கம் மூடப்படும் நாளில் அந்த வேலையும் முடிந்துபோகிறது.

இவற்றைவிட அடிப்படையானது அதிகாரம் பற்றிய கேள்வி. 1993ஆம் ஆண்டுச் சட்டம் பேசும் உரிமையைத் தந்தது; சுரங்கம் வேண்டாம் என மறுக்கும் உரிமையைத் தரவில்லை. ஆர்கைலை நடத்திய அதே ரியோ டின்டோ நிறுவனம், 2020 மே மாதம் பில்பராவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயங்களைக் கொண்ட குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. மாநிலச் சட்டத்தின் அனுமதியோடுதான் அது நடந்தது. வேலைவாய்ப்பில் பாராட்டுப் பெற்ற நிறுவனத்தை அந்தப் பாராட்டு தடுத்து நிறுத்தவில்லை.

இதே பில்பராவில் 1946 மே 1 அன்று, கால்நடைப் பண்ணைகளின் நூற்றுக்கணக்கான பூர்வகுடித் தொழிலாளர்கள் ஊதியமும் மாண்பும் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பண்ணைகளுக்குத் திரும்ப மறுத்த பலர், தாமே கூட்டாகக் கனிமம் எடுத்துப் பிழைத்தனர். உழைப்போ திறனோ அவர்களிடம் என்றும் குறைவாக இருந்ததில்லை. மறுக்கப்பட்டது நிலத்தின் மீதான அதிகாரமே. அதைக் கேட்காத எந்த வேலைத் திட்டமும், பறித்ததில் ஒரு பிடியைக் கூலியாகத் திருப்பித் தரும் ஏற்பாடாகவே முடியும் என்பது நம் கருத்து.