தபால் பெட்டியின் சாவி யார் கையில்?



எனக்குத் தெரிந்த பருப்பு மொத்த வியாபாரி ஒருவர். கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர். ஒரு நாள் காலை லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு இ-வே பில் போடப் பார்த்தார், முடியவில்லை. விசாரித்தால், அவருடைய ஜிஎஸ்டி பதிவே ரத்தாகியிருந்தது. பல மாதங்களாக ரிட்டர்ன் தாக்கல் ஆகவில்லை. விளக்கம் கேட்டு ஈ-மெயிலில் நோட்டீஸ் வந்திருக்கிறது, பதில் போகவில்லை. பதிவு எடுத்தபோது கணக்கு எழுதியவர் தம் சொந்த ஈ-மெயில் முகவரியையும் போன் நம்பரையும் கொடுத்திருந்தார். அவரோ வேலையை விட்டுப் போய் மாதங்கள் பல ஆகிவிட்டன.

கணக்கரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கல்லாச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போவோமா? தபால் பெட்டிச் சாவியை மட்டும் ஏன் கொடுத்தோம்?

ஜிஎஸ்டி சட்டத்தின் 169-ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ள ஈ-மெயிலுக்கு அனுப்புவதும் நோட்டீஸ் சார்பு செய்யும் முறைகளில் ஒன்று. ரிட்டர்ன் போடாதவருக்கு வரும் நோட்டீசுக்குக் கெடு 15 நாள். பதிவை ரத்து செய்ய விளக்கம் கேட்கும் நோட்டீசுக்கோ 7 வேலை நாட்களே. 'நான் மெயில் பார்ப்பதில்லை' என்பது பதிலாகாது.

ஆகவே முதல் வேலை, போர்ட்டலில் உள்ள ஈ-மெயிலையும் போன் நம்பரையும் உரிமையாளர் பெயருக்கு மாற்றுவது. ஆடிட்டருக்கு நகல் தானாகப் போகும்படி மெயிலிலேயே வழி செய்துகொள்ளலாம்.

அடுத்தது ஒழுங்கு. கொள்முதலையும் கடன் பாக்கியையும் நாம் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. பேரேட்டில் தனித்தனித் தலைப்பு உண்டு. ஜிமெயிலில் அதற்கு 'லேபிள்' என்று பெயர். வரி, வங்கி, கொள்முதல், லைசென்ஸ் என நான்கு லேபிள் போதும். 'ஃபில்டர்' அமைத்துவிட்டால், இன்ன முகவரியிலிருந்து வருவது இன்ன லேபிளில் தானே சேரும். அவை ஸ்பாமுக்குப் போகக் கூடாது என்றும் அதிலேயே சொல்லிவிடலாம். ஸ்பாமில் விழுந்த கடிதம் 30 நாளில் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கடை அடைக்கும் முன் கல்லா எண்ணுகிறோம் அல்லவா? அதோடு பத்து நிமிடம் மெயிலுக்கும் ஒதுக்குவோம். பதில் போட வேண்டியதற்கு ஸ்டார். முடிந்ததை ஆர்க்கைவ் செய்தால் முன்னால் நிற்காது, தேடினால் கிடைக்கும். தெரிந்த கம்பெனி விளம்பரம் வேண்டாமென்றால் அன்சப்ஸ்கிரைப் கொடுக்கலாம். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் எதையும் தொடாமல் ஸ்பாம் என்று தள்ளிவிட வேண்டும்.

இலவச ஜிமெயிலில் மொத்த இடம் 15 ஜிபி. போனிலிருந்து அதில் சேரும் கல்யாண போட்டோக்களுக்கும் இதே இடம்தான். இடம் நிரம்பினால் புதிய கடிதம் வராது. எனவே கடைக்குத் தனி மெயில் வைத்துக்கொள்வது உத்தமம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்' என்று சரக்கு அனுப்புபவர் பெயரில் மெயில் வந்தால் உடனே பணம் அனுப்பாதீர்கள். அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அல்ல, நம் நோட்டில் உள்ள பழைய நம்பருக்குப் பேசி உறுதி செய்யுங்கள். வரி நோட்டீஸ் என்று வந்தாலும் அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல், நேரே போர்ட்டலில் நுழைந்து பாருங்கள்.

'கூட்டத்தைக் கவனிப்பதா, மெயில் பார்ப்பதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்றிய லாரி வாசலில் நிற்கும்போது வீணாகும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். அந்தப் பருப்பு வியாபாரி இப்போது தினமும் இரவு தாமே மெயில் பார்க்கிறார். நஷ்டப்படாமலே நாமும் அந்தப் பழக்கத்துக்கு வருவோமே! இன்று கடை அடைக்கும் முன், பதிவில் இருப்பது யாருடைய ஈ-மெயில் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.