தீர்வதும் கசிவதும்

பங்குனி பிறந்துவிட்டால் பழைய கார் வைத்திருப்போர் காதில் தவறாமல் விழும் வாக்கியம் ஒன்றுண்டு: "ஏசி கேஸ் தீர்ந்திருச்சு சார், போட்டுரலாம்." பட்டறைக்காரர் சொல்கிறார்; நாம் தலையாட்டுகிறோம். சற்று நேரத்தில் குளிர்ந்த காற்று வருகிறது. அடுத்த பங்குனியில் அதே வாக்கியம், அதே தலையாட்டல். இந்த வாக்கியத்தின்மீது நமக்குத் தீராத கோபம் உண்டு. அது பிழையானது என்பது ஒரு காரணம். அந்தப் பிழையை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்கள் நாம்தாம் என்பது மற்றொன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'கேஸ்' என்றதும் நினைவுக்கு வருவது அடுப்படிச் சிலிண்டர். அது எரிகிறது, ஆகவே தீர்கிறது. அந்த வினைச்சொல்லை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காரில் மாட்டிவிட்டோம். காரின் குளிர்பதனப் பொருள் எரிவதில்லை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் குறுகிய வாயைக் கடந்ததும் அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, அங்கே வீசும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பிறகு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. மூடிய சுற்று, உடம்பில் ஓடும் இரத்தத்தைப் போல. இரத்தம் குறைந்த நோயாளியைப் பார்த்து 'தீர்ந்துவிட்டது, ஏற்றிவிடலாம்' என்பதோடு எந்த மருத்துவரும் நிறுத்திக்கொள்வதில்லை. எங்கே போகிறது என்று தேடுவார்.

இருபது வயதுக் காரில் கொஞ்சம் குறையத்தானே செய்யும் என்பார்கள். உண்மைதான். ரப்பர் குழாய்களின் வழியே மிக மெதுவாகக் கசிவது இயல்பு. ஆனால் அது பல ஆண்டுகளில் தெரியவரும் இழப்பு. ஆண்டுதோறும் காலியானால் அது முதுமையன்று, ஓட்டை.

இன்னொன்று: குளிராத ஏசிக்கெல்லாம் கேஸ் காரணமன்று. ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நிற்கும்போது வெதுவெதுப்பானால், கண்டன்சருக்கு முன்னால் அடைந்திருக்கும் தூசியையும் அதன் விசிறியையும் முதலில் பார்க்க வேண்டும். குளிர் இருந்தும் காற்று வலுவின்றி வந்தால் ப்ளோயரோ, அடைத்துப்போன ஃபில்டரோ, அழுக்கேறிய காயிலோ காரணமாகலாம். சிறிது தூரம் நன்றாகக் குளிர்ந்து, பின் காற்றே நின்று, அணைத்துவைத்தால் மீண்டும் வருமானால், காயிலில் பனி படிகிறது என்று ஐயுறலாம். கம்ப்ரசரின் கிளட்ச் ஒட்டவே இல்லையென்றால், கேஸ் குறைந்திருக்கலாம். ஃபியூஸோ ரிலேயோ போயிருக்கவும் கூடும். இத்தனைக்கும் ஒரே மருந்து எழுதுபவரை மருத்துவத்தில் நாம் போலி என்போம்.

அந்த மருந்திலும் அளவு உண்டு. பல கார்களில் பானட்டைத் திறந்தால் ஒரு சிறு ஒட்டுத்தாள் தெரியும். இத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். எடை போட்டு நிரப்ப வேண்டியதைக் கேஜின் முள்ளை மட்டும் பார்த்து நிரப்புகிறார்கள். வெயிலுக்கேற்ப முள் ஏறும், இறங்கும். அளவு மிஞ்சினாலும் குளிர் குறையும் என்பதைப் பலர் நம்பக்கூட மறுக்கிறார்கள்.

நம் கதைக்கு வருவோம். 2003இல் வாங்கிய சிறு கார் அது. மூன்று கோடைகள், மூன்று முறை நிரப்பினோம். முதல் முறையே, பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன் ஒரு குழாய் இணைப்பைத் தொட்டு, விரலைக் காட்டி, "சார், இங்க எண்ணெப் பசை இருக்கு சார்" என்றான். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் குளிர்பதனப் பொருளோடு சேர்ந்தே சுற்றுகிறது. கசியுமிடத்தில் அதுவும் வெளியேறித் தூசியோடு பசையாய் நிற்கும். பையன் சொன்னது நோயின் முகவரி. நாம் கடிகாரத்தைப் பார்த்தபடி, "கேஸ் மட்டும் போடுங்க, போதும்" என்றோம். முதலாளி சிரித்தார். பையன் விரலைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாம் கோடையில் எண்ணெய் வற்றிக் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிட்டது. வேறொரு பட்டறைப் பெரியவர் குழாய்களில் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவினார். பையன் தொட்ட அதே இடத்தில் குமிழி கிளம்பியது. தேய்ந்துபோன ஓ-ரிங். அதன் விலை சில பத்து ரூபாய். கம்ப்ரசருக்கோ ஐந்திலக்கத்தில் கொடுத்தோம். டிரையரை மாற்றி, வேக்குவம் போட்டு ஈரத்தை வெளியேற்றி, எடைபார்த்து நிரப்பினார் அவர்.

நோயையும் அதன் மூலத்தையும் தேடச் சொல்லும் குறளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். பொழிப்புரை, அணி, இலக்கணக் குறிப்பு எல்லாம் சொல்கிறோம். அந்தக் குறளை விரல் நுனியில் ஏந்தி ஒருவன் நம் முன்னே நின்றபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

பட்டறைக்காரரை மட்டும் திட்டித் தப்பிக்க முடியாது. கேஸுக்குப் பணம் கேட்டால் கொடுக்கிறோம், அது பொருள். ஒரு மணி நேரம் கசிவைத் தேடியதற்குக் கூலி கேட்டால், 'என்ன செய்துவிட்டீர்கள்?' என்கிறோம். தேடுதலுக்கு மதிப்பு வைக்காத சமூகத்தில் எவர் தேடுவார்?

போன கேஸ் எங்கும் போய்விடவில்லை. 1990களில் ஓசோனைக் காக்கும்பொருட்டுக் கார்களில் ஆர்-12க்கு மாற்றாக வந்தது ஆர்-134ஏ. ஓசோனுக்குத் தீங்கில்லை, புவி வெப்பத்துக்கு உண்டு. ஐபிசிசியின் 2007ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு. நானூறு கிராம் கசிந்தால் ஏறத்தாழ 570 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சுமார் 250 லிட்டர் பெட்ரோல் எரிந்தாற்போல. இவ்வகைப் பொருள்களைக் குறைக்கும் 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. ஒப்பந்தம் ஏட்டில் இருக்கிறது. ஓ-ரிங் பட்டறையில் இருக்கிறது.

ஆகவே இனி ஒருவர் 'தீர்ந்திருச்சு' என்றால், 'எங்கே கசியுது?' என்று கேளுங்கள். தேடுவதற்கான கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அருகில் ஒரு பையன் விரலை நீட்டிக்கொண்டு நின்றால், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.