மோசல் நதிக்கரையில் ஒரு வீடு

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்கு அம்மாவோடு போயிருந்தேன். ஊரில் அம்மா பெயரில் இருக்கும் நிலத்தை விற்று எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதைப் பேசி முடிப்பதும் அந்தப் பயணத்தின் ஒரு நோக்கம்.

வார இறுதியில் மோசல் பக்கம் போகலாம் என்றான் தம்பி. "ஒயின் ஊருக்கா? அங்கே எனக்கென்ன வேலை?" என்று கேட்டார் அம்மா. கேட்டாலும், தயிர்சாத டப்பாவோடு காரில் ஏறிவிட்டார்.

பிரான்ஸில் பிறக்கும் மோசல், கோப்லென்ஸ் நகரில் ரைன் நதியோடு கலக்கிறது. ரோமானியர் கட்டிய கோட்டை வாசல் இன்றும் நிற்கும் ட்ரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை, வளைந்து வளைந்து சுமார் 190 கிலோமீட்டர் ஓடுகிறது. நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய பாதிதான். வளைவுக்கு வளைவு ஒரு பழைய ஊர், ஒரு தேவாலயக் கோபுரம், அதற்கு மேலே மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம்.

சரிவு என்றால் சாதாரணச் சரிவு இல்லை. பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் மலையில் சில இடங்களில் 65 டிகிரி வரை இருக்கிறது. டிராக்டர் ஏறாது. கொடியைக் கட்டுவதிலிருந்து குலை பறிப்பது வரை பெரும்பாலும் கைவேலைதான். மண்ணில் கிடக்கும் ஸ்லேட் கற்கள் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து, இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கின்றன. அதனால் இந்தக் குளிரிலும் ரீஸ்லிங் திராட்சை பழுக்கிறது. "ஒரு கிளாஸ் குடிக்க இவ்வளவு பாடா!" என்றார் அம்மா.

மதியம் பெர்ன்காஸ்டல்-கூஸ் போய்ச் சேர்ந்தோம். ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த இரண்டு ஊர்கள் 1905இல் ஒன்றாயின. பெர்ன்காஸ்டல் பக்கம், 1416இல் கட்டிய மரச்சட்ட வீடு ஒன்று, கீழே குறுகி மேலே அகன்று குடைபோல நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் முழுவதும் அங்கேதான். அம்மாவுக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. பாலம் தாண்டி கூஸ் பக்கம் நடந்தோம்.

அங்கே ஆற்றை ஒட்டி ஒரு பழைய கட்டடம். படகு வைத்து வியாபாரம் செய்தவரின் மகனாக 1401இல் இந்த ஊரில் பிறந்த நிக்கோலஸ், பெரிய தத்துவ அறிஞராகவும் கத்தோலிக்கக் கர்தினாலாகவும் ஆனவர். வயதான, ஆதரவில்லாத 33 ஆண்கள் தங்குவதற்காக 1458இல் தன் சொத்தை எழுதி வைத்து ஏற்படுத்திய இல்லம் இது. இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கு அந்த 33. அவர்களுடைய சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் திராட்சைத் தோட்டங்களின் வருமானம். 1464இல் அவர் இத்தாலியில் இறந்தார். இதயத்தை மட்டும் இங்கே கொண்டுவந்து சிற்றாலயத்தில் புதைத்தார்கள்.

சண்டைகள் வந்தன, அரசுகள் மாறின. 550 வருடங்களுக்கு மேல் ஆகியும் அது இன்னும் முதியோர் இல்லம்தான். இப்போது பெண்களும் இருக்கிறார்கள்.

முற்றத்து வெயிலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார், அம்மாவும் தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இவங்க பிள்ளைங்க எங்கே இருப்பாங்க?" என்று கேட்டார் அம்மா. தம்பியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நீங்கள் போவதாக இருந்தால், செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். ஒயின் வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறு கிடைக்கும். பெர்ன்காஸ்டலோடு திரும்பிவிடாமல் பாலத்தையும் தாண்டுங்கள்.

திரும்பும் வழியில் காரில் பேச்சே இல்லை. ஊரை நெருங்கும்போது அம்மா சொன்னார்: "அந்த நிலம் இப்போதைக்கு விற்க வேண்டாம். நான் இருக்கிறவரைக்கும் அது எனக்குச் சோறு போடட்டும்."

"சரிம்மா" என்றான் தம்பி. நானும்தான்.