ரெண்டு இஞ்ச் ஒயரும் ரெண்டு விரலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே நிறுத்திட்ட பதிவு இது. சினிமா, சாப்பாடுன்னு எழுதிட்டு இருந்தவன் திடீர்னு சட்டம் பேச வந்துட்டானேன்னு ஓடிடாதீங்க. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உக்காந்துக்கங்க.

2025 நவம்பர் 21ஆம் தேதி நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தப்ப, எங்க ஆபீஸ்ல ஒரு வாரம் இதே பேச்சுதான். கிராஜுவிட்டி கூடுமா, பி.எஃப். பிடிச்சா கைக்கு வர்ற சம்பளம் குறையுமான்னு. நாலுல ஒண்ணு தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் பத்தினது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தை நீக்கிட்டு அந்த இடத்துக்கு வந்திருக்கறது அதுதான். அதைப்பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை. எனக்கு மட்டும் ஒரு ஒயர்த் துண்டு ஞாபகத்துக்கு வந்துச்சு.

1999. டிப்ளமோ முடிச்ச கையோட கோயம்புத்தூர்ல ஒரு பிரஸ் ஷாப்புல மெயின்டனன்ஸ் வேலை. மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற ஜாப் ஒர்க் பட்டறை. உள்ளே வேலை செஞ்சது 16 பேர். வருகைப் பதிவேட்டுல இருந்தது 9 பேர். ஏன்னு அப்ப எனக்குத் தெரியாது.

அங்க ஒரு பவர் பிரஸ்ல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் ரேம் இறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா டைக்குள்ள கை இருக்க முடியாது. அவ்வளவுதான் தத்துவம். எல்.கே.ஜி. குழந்தைக்கும் புரியும்.

ஒருநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "தம்பி, அந்த லெஃப்ட் பட்டனை டைரக்ட் பண்ணி விட்ருங்க. ஒரு கை ஃப்ரீயா இருந்தா பீஸ் கூட வரும்"னார். ரெண்டு இஞ்ச் ஒயர் வெட்டி, ரெண்டு முனையும் சீவி, டெர்மினல்ல முறுக்கி விட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. அந்த மெஷின்ல நின்ன அண்ணன் பக்கத்துலயே பார்த்துட்டு இருந்தார். "ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி?"ன்னு கேட்டார். "ஆகாதுங்ணா"ன்னேன்.

மூணாவது வாரம், நைட் ஷிப்ட்டு முடியற நேரம். இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போச்சு.

மறுநாள் காலையில முதல் வேலையா அந்த ஒயரைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டினேன். "பாவந்தான், ஆனா அவன் கவனமா இருந்திருக்கோணும்"னார் ஓனர். அவர் கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரி செலவை ஏத்துக்கிட்டார். கையில கொஞ்சம் பணமும் கொடுத்தார். ஆனா எந்தக் காகிதத்துலயும் அந்த விபத்து இல்லை. எந்த அதிகாரியும் வரலை. யார் வருவாங்க? காகிதத்துல அது தொழிற்சாலையே இல்லையே!

இதுக்கப்புறம்தான் நான் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1948 சட்டப்படி, மின்சாரத்துல ஓடுற இடத்துல 10 பேர் வேலை செஞ்சா அது தொழிற்சாலை. அதான் பதிவேட்டுல 9 பேர். 21ஆம் பிரிவு, இயந்திரத்தோட ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான வேலி போட்டே ஆகணும்னு சொல்லுது. ஓடிட்டு இருக்கும்போது அந்த வேலி அதோட இடத்துல இருக்கணும்ங்குது. "முடிஞ்சா போடு", "வசதிப்பட்டா போடு"ன்னு இல்லை. நம்ம சட்டத்துக்கு மூலம் இங்கிலாந்துச் சட்டம். அங்க 1955ல ஒரு வழக்கு பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. ஒரு தொழிலாளியோட கட்டைவிரல் கிரைண்டிங் சக்கரத்துல சிக்கின வழக்கு. சக்கரத்தை முழுசா மூடினா அதை வச்சு வேலையே செய்ய முடியாதேன்னு கம்பெனி வாதாடுச்சு. மூடினா மெஷின் உதவாதுங்கறது மூடாம விட்டதுக்குச் சமாதானம் ஆகாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. சட்டம் அவ்வளவு கறாரா இருந்துச்சு.

அதே சட்டத்துல 111ஆம் பிரிவுன்னு ஒண்ணு. பாதுகாப்புக்காக வச்ச சாதனத்துல தொழிலாளி வேணும்னே கை வைக்கக்கூடாது, வச்சா 3 மாசம் வரைக்கும் ஜெயில். அந்தப் பிரிவைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மாட்டினது என் கை. சொன்னது அவர் வாய். வாய்க்கு சாட்சி இல்லை.

"கவனமா இருந்திருக்கோணும்"ங்கற வார்த்தையை இப்ப யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருது. அந்த அண்ணன் ஒரு ஷிப்ட்டுக்கு 2,500 தடவைக்கு மேல கையை உள்ளே விட்டு எடுத்தவர். 2,499 தடவை கவனமாத்தான் இருந்தார். மனுஷனுக்குக் கொட்டாவி வரும், வீட்டு ஞாபகம் வரும். அது வரும்னு தெரிஞ்சுதான் மெஷினுக்கு ரெண்டு பட்டன் வச்சாங்க. அதைப் பிடுங்கிட்டு மனுஷனைக் குத்தம் சொல்றது எந்த ஊர் நியாயம்?

சரி, புதுத் தொகுப்புக்கு வருவோம். நல்லதும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பழைய சட்டத்துல விதிமீறலால உயிர் போனா அபராதம் குறைஞ்சது 25,000 ரூபா. இப்ப குறைஞ்சது 5 லட்சம். பலத்த காயம்னா பழைய குறைந்தபட்சம் 5,000. இப்ப 2 லட்சத்துல இருந்து 4 லட்சம் வரைக்கும். அபராதத்துல பாதிக்குக் குறையாம பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். வருஷாவருஷம் இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு. கேன்டீன் 250 பேருக்குன்னு இருந்தது 100 பேருக்கே வேணும்னு ஆகியிருக்கு. கைதட்ட வேண்டிய விஷயங்கள்தான்.

ஆனா தொழிற்சாலைங்கற கணக்கு 10ல இருந்து 20 ஆயிடுச்சு. 10 பேர் இருந்தா 'நிறுவனம்'ங்கற பேர்ல பொதுவான கடமைகள் பொருந்தும், சரி. ஆனா தொழிற்சாலைக்குன்னே இருக்கற ஏற்பாடுகள் 20 பேர்லதான் ஆரம்பிக்குது. எங்க பட்டறையில 16 பேர். அன்னைக்கு ஓனர் பதிவேட்டுல பொய் எழுதி சட்டத்துக்கு வெளியே நின்னார். இன்னைக்கு அதே பட்டறை உண்மையையே எழுதிட்டு தொழிற்சாலைக் கணக்குக்கு வெளியே நிக்கலாம்.

இன்னொண்ணு. 1948ல வேலி போடுறது சட்டத்துக்குள்ளேயே ஒரு பிரிவா, வரிவரியா இருந்துச்சு. இப்ப அது ஒரு அட்டவணையில தலைப்பா மட்டும் நிக்குது. விவரமெல்லாம் அரசு அறிவிக்கிற தரநிலைகள்ல வரும். நாடாளுமன்றம் போகாமலே மாத்திக்கலாம். காலத்துக்கேத்த மாதிரி திருத்த வசதின்னு சொல்றாங்க. தளர்த்தவும் அதே வசதிதானே?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மெஷினுக்கான சட்டம் ஏன் தலையை எண்ணணும்? கேன்டீனுக்கு எண்ணுங்க, குழந்தைகள் காப்பகத்துக்கு எண்ணுங்க, அதுல அர்த்தம் இருக்கு. பஸ்ஸுல 50 பேர் ஏறினாலும் ஒருத்தர் ஏறினாலும் பிரேக் வேணும். பிரஸ்ஸும் அப்படித்தான். ஒரே ஒரு ஆள் நின்னாலும் கார்டு இருக்கணும். கார்டு இல்லாத பிரஸ்ஸை, பழைய பிரஸ்ஸா இருந்தாலும், விக்கவும் கூடாது வாங்கவும் கூடாது.

"சின்னப் பட்டறைக்காரன் எங்க போவான்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பீஸுக்கு இவ்வளவு பைசான்னு கழுத்தைப் பிடிக்கிற பெரிய கம்பெனிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி அது. சரக்கோட அளவை மைக்ரோமீட்டர் வச்சுப் பார்க்க ஆள் அனுப்பத் தெரியுது. அதே ஆள் கார்டு இருக்கான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வரக்கூடாதா?

2023 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதா வந்தப்ப எல்லாரும் கத்தினோம். மே 1ஆம் தேதி அதை வாபஸ் வாங்கினாங்க. ஆக, கத்தினா காது கேக்குது. விரலுக்காக யாரும் கத்தலை. ஏன்னா விரல் ஒண்ணொண்ணா, வேற வேற பட்டறையில, வேற வேற ராத்திரியில போகுது. செய்தியாகிற அளவுக்கு மொத்தமாப் போறதில்லை.

அந்த அண்ணனை ஆறேழு வருஷம் முன்னாடி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். அவரேதான் டீ வாங்கிக் கொடுத்தார். எங்க வேலை பாக்கறே, குழந்தைங்க எத்தனைன்னு விசாரிச்சார். ஒயரைப் பத்திப் பேசவே இல்லை. நானும் பேசலை. பேசியிருக்கணும்.

பி.கு: பட்டறை வச்சிருக்கற, பட்டறையில வேலை செய்யற நண்பர்கள் பின்னூட்டத்துல வந்து திட்டினாலும் பரவாயில்லை, பேசுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுந்து போய் உங்க பிரஸ்ல ரெண்டு பட்டனும் வேலை செய்யுதான்னு பார்த்துட்டு வந்துருங்க.