அம்மம்மாவின் நடை, உங்கள் பை



இம்முறை வந்த கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "எங்கள் அம்மம்மாவுக்கு 69 வயது. பிரஷருக்கும் சுகருக்கும் குளிசை எடுக்கிறார். மெல்ரோஸிலிருந்து ஹோலி ஐலண்டுக்கு நடந்தே போக வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவும் மாமாவும் வேண்டாம் என்கிறார்கள். நான் கூடப் போனால் விடுவார்களாம். போனால் நான் என்ன செய்ய வேண்டும்?"

முதலில் பாதையைத் தெரிந்துகொள்வோம். இது செயின்ட் கத்பர்ட்ஸ் வே. 1996-இல் திறக்கப்பட்டது, நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கத்பர்ட் 651-இல் மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தவர், பிற்பாடு லிண்டிஸ்பார்ன் என்னும் அந்தத் தீவில் ஊழியம் செய்தவர், 687-இல் மரித்தவர். அவர் மடத்து வாழ்வைத் தொடங்கிய இடத்தையும் பிற்பாடு ஊழியம் செய்த தீவையும் இணைக்கும் வழி என்பதால் பாதைக்கு அவர் பெயர். ஸ்கொட்லாந்தில் தொடங்கி, செவியட் மலைகளில் எல்லையைக் கடந்து, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் முடிகிறது. மிக உயர்ந்த இடம் வைட்ஓப்பன் ஹில், சுமார் 368 மீட்டர். பாறையில் தொற்றி ஏற வேண்டிய இடம் எதுவும் இல்லை. பலர் நான்கு முதல் ஆறு நாளில் நடந்து முடிக்கிறார்கள். ஆகவே 69 வயதில் இது வீண் ஆசை அல்ல.

ஆனால் கூடப் போகிறவரின் வேலை என்ன? அம்மம்மாவை நடத்திக்கொண்டு போவது அல்ல. நடை அவருடையது. நீங்கள் சுமக்க வேண்டியது அவரால் சுமக்க முடியாததை மட்டுமே. அதைப் பிரித்தறிவதற்கு, வழியில் எடுக்க வேண்டிய தீர்மானங்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, அவர் மட்டுமே எடுக்க வேண்டிய தீர்மானங்கள். எவ்வளவு வேகம், எங்கே இருந்து இளைப்பாறுவது, எப்போது தேத்தண்ணீர் என்பதெல்லாம் அவருடையவை. ஏறும்போது அவரை முன்னே விடுங்கள். முன்னே போகிறவர்தான் வேகத்தை நிர்ணயிக்கிறார். சரிவில் இறங்கும்போது மட்டும் நீங்கள் ஓரடி முன்னே போங்கள்; முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். இரண்டு ஊன்றுகோல்கள் அங்கே பெரிய உதவி.

வாலிபர் வழக்கமாகச் செய்யும் ஒன்றைக் கவனியுங்கள். மேட்டுக்கு விரைந்து ஏறி அங்கே காத்திருப்பார்கள். பெரியவர் வந்து சேர்ந்ததும் "சரி, போவோமா?" என்பார்கள். காத்திருந்தவருக்குப் பத்து நிமிட ஓய்வு. வந்தவருக்கு ஒன்றும் இல்லை. அவர் வந்து, இருந்து, தண்ணீர் குடித்து, "இனிப் போவோம்" என்று அவரே சொல்லட்டும். ஏசா தன்னோடு சேர்ந்து வரும்படி அழைத்தபோது, குழந்தைகளும் குட்டிகளும் தாங்கக்கூடிய அளவில்தான் நான் மெதுவாக வருவேன் என்றார் யாக்கோபு. ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர் வேகம் தெரியாதவர் அல்ல. தன்னோடு இருப்பவர்களை அறிந்தவர்.

நாள் கணக்கையும் அப்படியே போடுங்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது நல்ல பலமுள்ளவருக்கு. அம்மம்மாவுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வையுங்கள். கிர்க் யெட்ஹோமிலிருந்து வூலர் வரை சுமார் 21 கிலோமீட்டர். நடைக்கு 7 மணி நேரம், ஏற்றத்துக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்றரை. காலை 8 மணிக்குப் புறப்பட்டால் மாலை 5.30 ஆகும். இதை முன்கூட்டியே அறிந்தவர் வழியில் "கெதியா வாங்கோ" என்று சொல்ல மாட்டார். தூரம் கூடுதலாகத் தோன்றினால், இடையில் ஹெத்பூல் என்ற சிற்றூருக்குக் கார் வரும். மாமாவை அங்கே வரச் சொல்லி அந்த நாளை இரண்டாக்கலாம். வேண்டாம் என்றவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

இரண்டாவது, புறப்படுமுன் சேர்ந்து எடுத்து வைக்க வேண்டிய தீர்மானங்கள். களைத்துப்போன நேரத்தில் யாரும் நிதானமாகத் தீர்மானிப்பதில்லை. அதோடு, "ஏலுமா அம்மம்மா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் எப்போதும் "ஓம், ஏலும்" என்றே சொல்வார்கள். பிள்ளையின் பயணத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்ற எண்ணம். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "முழங்கால் நோ பத்துக்கு எத்தனை?" ஏழு என்றால் அடுத்த ரோட்டில் நிறுத்துவோம் என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள். நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் பேச்சே இல்லை. உடனே நிறுத்தி 999. அந்த ஒப்பந்தம் அம்மா, மாமா முன்னிலையில் நடக்கட்டும்.

மருந்து விஷயத்தை அம்மம்மாவோடு ஜீபியிடம் போய்க் கேளுங்கள். சுகர் குளிசைகள் எல்லாம் ஒன்றல்ல. இன்சுலினும் கிளிக்லசைட் போன்ற சில குளிசைகளும் நீண்ட நடையில் சீனியை அளவுக்கு மீறிக் குறைத்துவிடலாம். திடீர் வியர்வை, நடுக்கம், குழப்பம், காரணமில்லாத கோபம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே குளுக்கோஸ் குளிசையோ பழச்சாறோ கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் இருந்து, மறுபடி சீனியைப் பார்த்து, பிறகு பிஸ்கட்டோ பாணோ கொடுங்கள். பிரஷருக்கு நீர் போகச் செய்யும் குளிசை எடுக்கிறாரா என்றும் கேட்டறியுங்கள். வயதாகும்போது தாக உணர்வு குறையும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சுகர் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஒவ்வொரு இரவும் சப்பாத்தைக் கழற்றியதும் கொப்புளம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பெரிய பையை ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேவைகள் இந்தப் பாதையில் உண்டு. அதற்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. மற்றதை நீங்கள் சுமக்கலாம். ஆனால் தண்ணீர், மழை அங்கி, அன்றைய மருந்து, ஒரு விசில் ஆகியவை அவருடைய சிறு பையிலேயே இருக்கட்டும். நீங்கள் இருவரும் பிரிந்துவிட்டாலும் அவரிடம் அவை இருக்கும். விசிலை ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது ஆபத்துக்கு அடையாளம். மலையில் உதவி வேண்டுமானால் 999-ஐ அழைத்து முதலில் பொலிஸ், பிறகு மவுண்டன் ரெஸ்கியூ என்று கேளுங்கள்.

மூன்றாவது, நீங்களும் அம்மம்மாவும் எடுக்க முடியாத தீர்மானம் ஒன்று உண்டு. அது கடலுடையது. ஹோலி ஐலண்டுக்குப் போகும் வழியைக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை மூடும். கம்பங்கள் நட்ட மணல் வழி ஒன்று, கார் போகும் ரோட்டு ஒன்று. ரோட்டுக்கு நோர்தம்பர்லாந்து கவுன்சில் வெளியிடும் பாதுகாப்பான நேரம் மணல் வழிக்குப் பொருந்தாது. மணலில் நேரம் இன்னும் குறைவு. தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே இறங்கி, முழுதாக வற்றும் வேளைக்குள் கரை சேர வேண்டும். சேறும் வழுக்கலும் வேறு. மெதுவாக நடப்பவருக்கு ரோட்டோரமே நல்லது; அதிலும் நேரம் தாராளமாக மீதியிருக்க வேண்டும். தாமதமானால் அன்று போக வேண்டாம். மறுநாள் போகலாம். அங்கே "கொஞ்சம்தானே" என்ற பேச்சுக்கு இடமில்லை. கடலோரத்தில் ஆபத்து என்றால் 999-இல் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள்.

ஆகவே, தங்கையே, தங்குமிடம் பதிவு செய்யுமுன் அலை நேரத்தைப் பார்த்துக் கடைசி நாளை முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி மற்ற நாட்களை அடுக்குங்கள். நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும். புறப்பட இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போதே இந்தச் சனிக்கிழமை 6 கிலோமீட்டரில் பழக்கத்தைத் தொடங்குங்கள். பிறகு ஒரு வார இறுதியில் அடுத்தடுத்து இரண்டு நாள் 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலை அம்மம்மாவின் கால் சொல்வதுதான் சரியான பதில். அது "இல்லை" என்று சொன்னால், ஃபென்விக்கிலிருந்து தீவு வரையுள்ள கடைசிப் பகுதியை மட்டும் நடக்கலாம். அதுவும் நடந்து போனதுதான்.

அம்மாவும் மாமாவும் பயப்படுவது அன்பினால். அவர்களோடு வாதாடாமல், இந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். மேலே அம்மம்மாவின் கையெழுத்தில் புறப்படும் தேதி இருக்கட்டும்.