போனில் டாக்டர் வந்தால் போதுமா?

காய்ச்சல் என்றால் போனில் டாக்டரைக் கேட்கலாம். மூச்சு முட்டினால்?

கொரோனா கற்றுக் கொடுத்த கேள்வி இது. மரக்காணம் உப்பளக் கரை ஜனங்களுக்கு இது உயிர்க் கேள்வி.

2020 மார்ச் 25. ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்க்க விதிமுறை வந்தது. ஏப்ரலில் 'இ-சஞ்சீவனி' வந்தது. வீட்டில் இருந்தபடியே செல்போனில் டாக்டர், காசு கிடையாது. அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நின்றது. பஸ் இல்லை, கூலி இல்லை என்று கிடந்தவர்களுக்கு அது பெரிய உதவி. யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த விதிமுறையே இன்னொன்றும் சொல்கிறது. அவசர கேஸ் என்றால் போனில் முதலுதவி சொல்லலாம். எங்கே போகவேண்டும் என்று சொல்லலாம். அதோடு சரி! அப்புறம் நேரில்தான் பார்க்கவேண்டும்.

நியாயம்தானே? போன் ஆக்சிஜன் கொடுக்குமா? ஊசி போடுமா? கொரோனாவில் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கியது. விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றார்கள். பாத்தியில் உப்பு வாரும் தொழிலாளி வீட்டில் அந்தக் கருவி ஏது?

ஆகவே, அவசரத்துக்கு வீடியோ இருக்கவேண்டிய இடம் அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு! மரக்காணத்தில் டியூட்டி டாக்டரும் நர்சும் நோயாளியைத் தொட்டுப் பார்க்கட்டும். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஸ்பெஷலிஸ்ட் திரையில் பார்த்து வழி சொல்லட்டும். இங்கேயே வைத்துப் பார்ப்பதா, 108-ல் ஏற்றுவதா என்று சில நிமிஷத்தில் முடிவாகிவிடும். ஒரு தொற்று நோயாளியை நாலு ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம். 2021 மே மாதம் சென்னை பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நின்றதை மறக்க முடியுமா?

இது ஆகாத காரியம் அல்ல. 2012-லேயே தமிழ்நாட்டில் மாரடைப்புக்கு இப்படிச் செய்து காட்டினார்கள். சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போனது; அவர் சொன்னபடி வைத்தியம் நடந்தது.

அதையே எல்லா அவசரத்துக்கும் நிலையாக வையுங்கள். 24 மணி நேரமும் லைன் வேண்டும். புயலில் கரண்ட் போனாலும் அது அறுந்துவிடக் கூடாது. மறுமுனையில் போனை எடுக்க ஒரு டாக்டர் பொறுப்பாக இருக்கவேண்டும். எடுக்க ஆள் இல்லாவிட்டால் திரை எதற்கு? சுவரில் மாட்டவா?

அடுத்த தொற்று நோய் சொல்லிக்கொண்டு வராது. கலெக்டரும் சுகாதாரத் துறையும் இப்போதே விழித்துக்கொள்வார்களா?