ஆசிரியர் நா. கோவிந்தசாமி நினைவாக ஒரு கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கல்வி அமைச்சு, தேசிய நூலக வாரியம், தேசியக் கல்விக் கழகம், இந்திய மரபுடைமை நிலையம், வளர்தமிழ் இயக்கம்.

விடுப்போர்: சிங்கப்பூரில் தமிழ் கற்றவர்கள், கற்பிப்பவர்கள், எழுதுகிறவர்கள்.

முகவுரை

நா. கோவிந்தசாமி (1946–1999) பள்ளி ஆசிரியராக இருந்தார். பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களை உருவாக்கினார். 1977இல் தொடங்கிய இலக்கியக் களத்தின் வழி உள்ளூர்ச் சிறுகதைகளை அலசி, புதியவர்களை எழுத்தில் பழக்கினார். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றார்.

நம் இலக்கியத்தின் வேரையும் அவர் தேடிப் போனார். சி. கு. மகதூம் சாயுபு நடத்திய 'சிங்கை நேசன்' இதழில் 1888இல் வெளிவந்த 'விநோத சம்பாஷணை'யே சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று முன்வைத்தார். அதை ஏற்பவரானாலும் மறுப்பவரானாலும் மூல இதழைப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற நிலை அதன் பிறகே வந்தது.

தமிழைக் கணினிக்குக் கொண்டுசென்றவர்களிலும் அவர் முன்னோடி. அவர் உருவாக்கிய 'கணியன்' மென்பொருள் புறநானூற்றுப் புலவரின் பெயரைத் தாங்கியது. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்கு மொழிக் கவிதை இணையத்தளத்தில் தமிழும் இடம்பெற அவர் உழைப்பே காரணம். 1997இல் தமிழ் இணைய மாநாட்டைச் சிங்கப்பூரில் நடத்தினார். 1999 மே 26 அன்று மறைந்தார்.

பழைய தாளைத் தேடி எடுத்து, பலரும் படிக்கும்படி பரப்பி, அடுத்தவருக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது அவர் வழி. அவரை நினைவுகூர்வதும் அப்படியே அமைய வேண்டும். மாலையும் புகழுரையும் ஒரு மாலைப்பொழுதோடு முடிந்துவிடும்.

கோரிக்கைகள்

1. அவருடைய கதைகள், ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டு உரைகள் அனைத்தையும் குடும்பத்தாரின் இசைவோடு திரட்டி, யாரும் இலவசமாகப் படிக்கத்தக்க மின்தொகுப்பாக வெளியிட வேண்டும்.

2. யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துக்குறி முறையை வைத்திருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்படி எழுதிய கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். கணியன் காலத்துக் கோப்புகளும் இதற்கு விலக்கல்ல. பழைய வட்டுகளில் தங்கிய சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளைப் பொதுமக்களிடமிருந்து பெற்று, யூனிகோடுக்கு மாற்றித் தரும் சேவையைத் தேசிய நூலக வாரியம் தொடங்க வேண்டும். வட்டுகள் பழுதடைந்து வருவதால் இது காத்திருக்கக்கூடிய வேலையல்ல.

3. 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இதழ்கள் பக்கப் படங்களாக மட்டும் இருந்தால் போதாது. சொல்லைத் தட்டினால் பக்கம் வரும் வகையில் அவற்றை மெய்ப்புப் பார்த்த எழுத்துவடிவமாக்க வேண்டும். 'சிங்கை நேச'னிலிருந்து தொடங்கலாம்.

4. முதிய தமிழாசிரியர்களின் நினைவுகளை வாய்மொழி வரலாறாக முறையாகப் பதிவுசெய்ய வேண்டும். 1946இல் தொடங்கி 1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி போன்ற தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் கற்பித்தவர்களுக்கும் முன்னுரிமை தேவை. அப்பள்ளியின் பெயரைத் தாங்கி பீட்டி சாலையில் இயங்கும் தமிழ் மொழி நிலையமே பதிவுக்கூடமாகலாம்.

5. வட்டார வரலாறு எழுத விரும்பும் தமிழாசிரியர்களுக்கு அவர் பெயரில் ஆய்வு உதவித்தொகையும், ஒரு பருவத்துக்குக் குறைக்கப்பட்ட பாடவேளையும் வழங்க வேண்டும். நேரம் தராமல் ஊக்கம் மட்டும் தந்து பயனில்லை.

6. ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான களஆய்வு ஒன்று இடம்பெற வேண்டும். தேக்காவிலும் கேம்பல் லேனிலும் நடப்பது சுற்றிப்பார்க்கும் கற்றல் பயணமாக நின்றுவிடாமல், கடைக்காரரிடமும் கோயில், பள்ளிவாசல் பொறுப்பாளர்களிடமும் கேட்டு எழுதிய அறிக்கையாக முடிய வேண்டும். சிறந்தவை இந்திய மரபுடைமை நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நாங்கள் நிற்கப்போவதில்லை. வீட்டில் உள்ள பழைய இதழ்களையும் வட்டுகளையும் ஒப்படைப்போம். மெய்ப்புப் பார்க்கத் தொண்டூழியர்களாக வருவோம். பெரியவர்களைப் பதிவுக்கு அழைத்துவருவோம்.

காலக்கெடு

2029 மே 26 அவருடைய முப்பதாவது நினைவு நாள். அதற்குள் முதல் மூன்று கோரிக்கைகளும் நிறைவேற வேண்டும். நான்காவது கோரிக்கை அந்த நாள்வரை காத்திருக்க முடியாது. பேச வேண்டியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அதை இந்த ஆண்டே தொடங்குங்கள்.